வழக்காடு மன்றத்தில் ஒரு சூடை முள்

சோற்று உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவிட்டன. முள் மட்டும் தொண்டையில் இருந்த இடத்திலேயே இருந்தது.

"மெல்லாதீங்க. அப்படியே முழுங்குங்க," என்றாள் ஷர்லி, அடுத்த உருண்டையைப் பிடித்தபடி.

ஜெபக்குமார் விழுங்கினார். கண்ணில் நீர் முட்டியது. இதுவரை லேசாகக் குத்திக்கொண்டிருந்த முள் இப்போது ஆழமாகக் குத்தி, குறுக்கே வசதியாகப் படுத்துக்கொண்டது.

"போயிருச்சா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப வாழப்பழம்."

வாழைப்பழத்துக்குப் பிறகு முதுகில் அடி. முதுகில் அடித்ததும் இருமல். இருமல் நின்றபோது ஜெபக்குமாரிடம் குரலே இல்லை. பேச வாயைத் திறந்தால் பழுதான மோட்டாரிலிருந்து வருவதுபோல் வெறும் காற்றுதான் வந்தது.

குரல் போனால் அவருக்கு எல்லாமே போனது மாதிரி. மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்து மீன்துறையில் அவர் ஏலக்காரர். அவர் கூப்பிடுகிற விலை ரோட்டில் போகிற பஸ்ஸுக்கே கேட்கும் என்பார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயிருந்தன. மறுநாள் விடியும்போது கரைக்கு வரும். தடைக்காலத்துக்குப் பிந்தைய முதல் ஏலத்தை யார் கூவுகிறாரோ, அந்த வருடம் முழுக்க அவர்தான் ஏலக்காரர். துறையில் யாரும் மாற்றாத வழக்கம் அது. ஜெபக்குமார் கூவ முடியாவிட்டால் அந்த இடத்தில் நிற்பதற்கு ஆத்மநாதன் காத்திருக்கிறான்.

இதைவிடக் கொடுமை, முள் எந்த மீனுடையது என்பது. சூடை. துறையில் பால்வாடிப் பிள்ளைகள் கதை பேசிக்கொண்டே தின்கிற மீன். போன மாதம்தான், தொண்டையில் முள் குத்தியதாகச் சொன்ன வங்கி அதிகாரி ஒருவரிடம் ஜெபக்குமார் எல்லோர் முன்னாலும், "முள்ளுப் பாக்கத் தெரியாதவருக்கு எதுக்கு சார் மீனு? முட்டை வாங்கிட்டுப் போங்க," என்று சொல்லியிருந்தார். துறையே சிரித்தது. அந்தச் சிரிப்பு முழுவதும் இப்போது தன் பக்கம் திரும்பக் காத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது.

செல்போன் அடித்தது. ஆத்மநாதன். ஷர்லிதான் எடுத்தாள்.

"அவுகளா? பேச மாட்டாக அண்ணே. நாளைக்கு முதல் ஏலம்ல, மௌனமா ஜெபத்துல இருக்காக."

"ஜெபக்குமாரா? மௌனமாவா?"

"ஆமாண்ணே."

"எனக்குத் தெரிஞ்சு அவன் கோயில்லயே சும்மா இருந்ததில்லையே தங்கச்சி. தொண்டை கிண்டை சரியில்லையா?"

"அதெல்லாம் கல்லு மாதிரி இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கணவரைப் பார்த்தாள். "மோப்பம் பிடிச்சிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

மணமேல்குடி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேரும் இவரிடம் மீன் வாங்குகிறவர்கள். அறந்தாங்கிக்கும் போக முடியாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே மச்சான் டீக்கடை வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு செய்தியைச் சொன்னால் டீ ஆறுவதற்குள் அது கடற்கரைக்கு வந்துவிடும். தனியார் கிளினிக்குகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

"அறந்தாங்கியத் தாண்டிப் போங்க. கறம்பக்குடிப் பக்கம் ஏதாச்சும் உள்கிராமத்துக்குப் போங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரி எந்த ஊர்ல இருந்தா என்ன? டாக்டரு டாக்டருதான். அங்கிட்டு ஒங்கள யாருக்குத் தெரியும்?"

ஜெபக்குமார் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் முள் தன் இருப்பை அவருக்கு நினைவூட்டியது.

பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்த ஒரு கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் தென்பட்டது. புதிதாக வர்ணம் அடித்த கட்டடம். உள்ளே கட்டில்கள் போடப்பட்டிருந்தன. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆள் யாரும் இல்லை. பின்பக்கத்திலிருந்து துடைப்பத்தோடு ஒரு பெண் வந்தார். துப்புரவுப் பணியாளர் மருதாயி.

"வழக்குப் பாக்க வந்தீங்களா?"

ஜெபக்குமார் இல்லை என்று கையாட்டிவிட்டுத் தொண்டையைக் காட்டினார்.

"தண்ணியா? இந்தா, பானையில இருக்கு."

இன்னும் வேகமாகக் கையாட்டினார். காதில் ஸ்டெதஸ்கோப் மாட்டுவதுபோலக் காட்டி, இன்னொருவர் நெஞ்சில் வைப்பதுபோலக் காட்டி, நாற்காலியைக் காட்டினார்.

"டாக்டரக் கேக்குறீங்களா?"

ஜெபக்குமார் தலை கழன்று விழுகிற அளவுக்கு ஆட்டினார்.

"அதை வாயத் தொறந்து சொன்னா என்ன? நர்சம்மா பிரசவக் கேசோட நூத்தியெட்டுல போயிருக்காங்க. டாக்டரப் பாக்கணும்னா கோயில் பந்தலுக்குப் போங்க. அங்கதான் நிக்கிறாரு, கூண்டுல."

கூண்டிலா? ஜெபக்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கூண்டில் நிற்கிற டாக்டர் எங்கும் ஓடிவிட முடியாது என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது.

மாரியம்மன் கோயில் பந்தலில் கூட்டம் நெருக்கியடித்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர்: 'மாபெரும் வழக்காடு மன்றம். அரசு மருத்துவமனையின் இன்றைய நிலைக்குக் குற்றவாளி யார்?' நடுவில் நடுவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முத்துராஜ். ஒரு பக்கம் வழக்குத் தொடுப்பவர், வங்கியில் வேலை பார்க்கும் பிரகதீஸ்வரி. மறுபக்கம் வழக்கை மறுப்பவர், டியூஷன் சென்டர் நடத்தும் கவியரசன். ஓரத்தில் மரச்சட்டங்களால் ஒரு குற்றவாளிக் கூண்டு. அதற்குள் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக டாக்டர்.

ஜெபக்குமாருக்குக் கண் கலங்கியது. டாக்டர் இருந்தார். கொஞ்சம் கறுத்து, காய்த்த கைகளோடு இருந்தார். வேலைப் பளு.

"கட்டடம் வந்துச்சு," என்று முழங்கிக்கொண்டிருந்தார் பிரகதீஸ்வரி. "கட்டில் வந்துச்சு. கட்டிலுக்கு மேல ஃபேன் வந்துச்சு. நாங்க சோப்பு வாங்குனா வரி, சீப்பு வாங்குனா வரி. அத்தனை வரியும் கட்டிட்டு வந்து பாத்தா, அந்த நாற்காலி மட்டும் காலியாவே இருக்கே டாக்டர்! எங்கதான் போறீங்க?"

கூண்டிலிருந்து டாக்டர் நிதானமாகக் கும்பிட்டார். "நான் எங்கம்மா போறேன்? வந்தாத்தான போறதுக்கு!"

பந்தல் அதிர்ந்தது. விசில் பறந்தது. இதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று ஜெபக்குமாருக்குப் புரியவில்லை. பல ஊர்களுக்கு ஒரே டாக்டர் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டார்.

கவியரசன் எழுந்தார். "நடுவர் அவர்களே! நாலு பேருக்கு ஒலை வச்ச வீட்டுல நாப்பது பேரு பந்தியில உக்காந்தா, சமைக்கிறவங்களக் குத்தம் சொல்றதா? நிதி பத்தலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். ஆள் பத்தலைன்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். ஆனா இந்த மனுசனக் கூண்டுல ஏத்தாதீங்க!"

"அரிசி பத்தலைன்னா அரிசி வாங்கணும். தட்டுக்கு எதுக்கு வர்ணம் அடிக்கிறீங்க?" என்றார் பிரகதீஸ்வரி.

"டாக்டர் என்ன சொல்றாரு?" என்று கேட்டார் நடுவர்.

"ஐயா, ஒரு ஆளுக்கு ஒரு நிமிசம்தான்யா கெடைக்கும். நாக்க நீட்டுங்கன்னு சொல்லி, அவரு நீட்டுறதுக்குள்ள அடுத்தவரு நாக்கோட நிக்கிறாரு. எந்த நாக்கு யாருதுன்னு நான் கண்டுபிடிக்கிறதா, வியாதியக் கண்டுபிடிக்கிறதா?"

மறுபடியும் விசில். இவ்வளவு நல்ல மனிதர் தன் நாக்கையும் ஒரு நிமிடம் பார்க்காமலா போய்விடுவார்? ஜெபக்குமார் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுப் படிக்கு வந்தார். அங்கே விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் வழிமறித்தார். ஜெபக்குமார் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கூண்டைக் காட்டி, இரண்டு கைகளையும் கூப்பினார்.

வழிமறித்தவர் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா! ஆலங்குடிப் பக்கத்துலேருந்துதான? ஏங்க இவ்வளவு லேட்டு? நோயாளி சாட்சி வரலை வரலைன்னு அந்தம்மா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க."

ஜெபக்குமார் இரு கைகளாலும் மறுத்தார்.

"பயப்படாதீங்க. மேடை ஏறுனா பேச்சு தானா வந்துரும்." முதுகில் ஒரு தள்ளு.

மேடை விளக்கில் கண் கூசியது. பிரகதீஸ்வரி பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நடுவர் அவர்களே! இதோ என் தரப்பு சாட்சி! அண்ணே, மாஸ்க்கக் கழட்டுங்க. மொகம் தெரியட்டும். யூடியூபுல லைவ் போகுது."

கழற்றக் கூடாது என்று ஜெபக்குமார் இறுக்கிப் பிடித்தார். "நம்ம அண்ணனுக்குக் கூச்சம்," என்று சொல்லிப் பிரகதீஸ்வரியே கழற்றினார். செல்போனைக் கம்பியில் மாட்டி வைத்திருந்த ஆள் அதை ஜெபக்குமாரின் முகத்துக்கு நேரே நகர்த்தினார். எல்லோரிடமிருந்தும் மறைப்பதற்காக இத்தனை தூரம் வந்த முகம், உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"சொல்லுங்கண்ணே. ஆஸ்பத்திரியில ஒங்களுக்கு என்ன நடந்துச்சு?"

ஜெபக்குமார் தொண்டைக்குக் குறுக்கே விரலை வைத்துக் காட்டினார்.

"கழுத்த அறுத்துட்டாங்களாம்!" என்றார் பிரகதீஸ்வரி. கைதட்டல்.

இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார்.

"பாத்தீங்களா, இல்லங்கிறாரு!" கவியரசன் துள்ளினார். "வாய் நிறைய மருந்து குடுத்தாங்களாம்!"

ஜெபக்குமாருக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. இரண்டு படித்த மனிதர்கள். எதிரே இத்தனை ஜனம். ஒரு மனிதன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தால் தொண்டையில் ஏதோ என்று ஒருவருக்குக்கூடவா தோன்றாது? நேராகக் கூண்டுக்குப் போனார். டாக்டர் முன்னால் மண்டியிட்டு, அண்ணாந்து, வாயைத் திறந்தார்.

முன்வரிசை எக்கிப் பார்த்தது.

"நடுவர் அவர்களே," கவியரசனின் குரல் தழுதழுத்தது. "எதிர்த் தரப்பு சாட்சியே டாக்டர் காலடியில விழுந்துட்டாரு. இதுக்கு மேல நான் என்ன வாதாட?"

டாக்டர் கூண்டிலிருந்து குனிந்து காதோரம் சொன்னார். "எந்திரிங்கண்ணே. தீர்ப்பு முடியட்டும், எதுன்னாலும் பேசிக்கலாம்."

பேசிக்கலாமாம்! ஜெபக்குமார் தன் செல்போனை எடுத்தார். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, 'தொண்டையில் முள். எடுங்கள்.' என்று அடித்து நடுவரிடம் நீட்டினார்.

நடுவர் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி, செல்லைத் தூரத்தில் பிடித்து, மைக்கில் வாசித்தார்.

"'தொண்டையில் முள். எடுங்கள்.'"

கண்களை மூடினார். திறந்தார்.

"ஆகா! ஆகா! ஏழையின் நிலைமைய இத்தன வருசமா நாங்க பக்கம் பக்கமாப் பேசுறோம். இந்த மனுசன் ஒரே வரியில முடிச்சுட்டாரே! சொல்லவும் முடியல, முழுங்கவும் முடியல. யாராவது எடுங்கன்னு கேக்குறாரு. யாரக் கேக்குறாரு? அரசாங்கத்தக் கேக்குறாரு! ஒங்களக் கேக்குறாரு! என்னையக் கேக்குறாரு!"

பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். விழாக் குழுவினர் ஓடிவந்து ஜெபக்குமாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் உணர்ச்சிவசப்பட்டுக் கட்டியணைத்ததில் முள் இன்னொரு முறை குத்தியது. ஜெபக்குமாரின் கண்களிலிருந்து கண்ணீர் வழிந்தது.

"அழுகிறாரு," என்றார் நடுவர் கரகரத்த குரலில். "கவிஞரு அழுகிறாரு."

கவிஞர் என்று ஆனபிறகு அவரைக் கீழே இறங்க விடவில்லை. நடுவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சுண்டல் கொடுத்தார்கள். ஜெபக்குமார் அதை வெறித்துப் பார்த்தார்.

செல் அதிர்ந்தது. ஷர்லி. காதில் வைத்தார்.

"ஏங்க, ஒங்கள டாக்டர்கிட்டதான போகச் சொன்னேன்? மேடையில என்ன பண்றீங்க? ஊரே பாக்குது. ஆத்மநாதன் ஏலக் கொட்டகையில எல்லாருக்கும் போட்டுக் காட்டிக்கிட்டிருக்கான். முள்ளு முள்ளுன்னு நீங்களே எழுதிக் காட்டுனீங்களாம்ல!"

ஜெபக்குமார் காற்றை ஊதினார்.

"நான் சமாளிச்சுட்டேன். அது கவிதைன்னு சொல்லிட்டேன். ஆனா எங்க அண்ணன் டீக்கடையிலேருந்து போன் பண்ணி, 'மச்சானுக்குச் சூடை முள்ளா, காரல் முள்ளா?'ன்னு கேக்குது. விடியுறதுக்குள்ள அந்த முள்ள எடுத்துட்டு வந்து ஒரு சத்தம் குடுங்க. இல்லாட்டி அந்த ஆத்மநாதன் நாளைக்கு ஏலத்துல ஏறி நின்னுருவான். சொல்லிட்டேன்."

நடுவர் தீர்ப்புக்கு எழுந்தார். நிதி குற்றவாளியா, நிர்வாகம் குற்றவாளியா, ஜனத்தொகை குற்றவாளியா என்று ஒவ்வொன்றையும் எடுத்து எடைபோட்டார். எடைபோடுவதற்கு இடையில் தன் சிறுவயதில் அம்மை கண்ட கதையைச் சொன்னார். கடைசியில், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் குற்றவாளிகள் என்றும், கூண்டில் நிற்பவர் நிரபராதி என்றும், மேல்முறையீடு அடுத்த வருடத் திருவிழாவில் விசாரிக்கப்படும் என்றும் தீர்ப்பளித்தார்.

கூட்டம் கலையத் தொடங்கியது. டாக்டர் கூண்டைவிட்டு இறங்கி மேடைக்குப் பின்னால் போனார். ஜெபக்குமார் பொன்னாடை தடுக்கப் பின்னாலேயே ஓடி, வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் வாயைத் திறந்தார். தொண்டைக்குள் விரலைக் காட்டினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, சூடை முள்ளின் நீளத்தை அளந்து காட்டினார்.

டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். மெல்ல அவர் முகம் மாறியது.

"அண்ணே... நெசமாவே முள்ளா? நான் கருத்துன்னுல்ல நெனச்சேன்!"

கருத்தல்ல, மீன்முள் என்று ஜெபக்குமார் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவமே. உக்காருங்க, உக்காருங்க." டாக்டர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சுண்டல் அண்டாவிலிருந்த சின்னக் கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து, அதன் காம்பால் நாக்கை அமுக்கி, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். "நல்லாத் தொறங்க. ஆ சொல்லுங்க."

ஜெபக்குமார் காற்றில் ஆ சொன்னார்.

டாக்டர் இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். ஒரு நிமிடம் அல்ல, பல நிமிடங்கள் பொறுமையாகப் பார்த்தார்.

"இருக்கு," என்றார்.

ஜெபக்குமார் திறந்த வாயோடு கையெடுத்துக் கும்பிட்டார்.

"நல்லாவே தெரியுதுண்ணே. வலது பக்கம், உள்நாக்குக்குக் கொஞ்சம் தள்ளி. வெள்ளையாக் குறுக்க நிக்கிது. எப்படித்தான் இதோட அம்புட்டு நேரம் மேடையில உக்காந்திருந்தீங்களோ!"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் இத்தனை தூரம் வந்தார். இனி ஒரு இடுக்கி, ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நிதி இல்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை என்று ஊரே மேடை போட்டுப் பேசுகிறது. இருந்தும் இந்த மனிதர் கூண்டிலிருந்து இறங்கிய களைப்பிலும் கரண்டிக் காம்பை வைத்துக்கொண்டு அக்கறையாகப் பார்க்கிறார். நாளைக்கு முதல் ஏலத்தில் குரல் வந்ததும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று ஜெபக்குமார் முடிவு செய்தார். வாயை இன்னும் அகலமாகத் திறந்து, கண்களை மூடி, நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வந்த மருதாயி, மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"டேய் ராசு, அந்தக் கோட்டக் கறை படாமக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிப் பந்தலப் பிரிடா, கவர்மெண்டு என்னைக்காச்சும் நம்ம ஊருக்கு ஒரு டாக்டரப் போட்டா, அவருக்கு வேணும்ல!"